பேச்சாளரின் முன்பல்

பஞ்சநதம் வாயைத் திறந்தால் மூடமாட்டார் என்று குத்தாலம் வட்டாரம் முழுக்கப் பேர். அந்த வாயை ஒரு முறுக்கு மடக்கிவிட்டது.

கடித்த கடியில் முன்பல் பாதி போயிற்று. கட்சிக் கூட்டத்தில் "செந்தமிழ்ச் செல்வங்களே" என்று ஆரம்பித்தார். எழுத்துக்கு ஒரு விசில் வந்தது. முன்வரிசை சிரித்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாளைக்கு மாவட்டக் கூட்டம். அவருக்குக் கொடுத்த தலைப்பு, 'உழுபவனுக்கே நிலம்'. விசிலடித்துக்கொண்டு அதைப் பேச முடியாது. காலையில் முதல் ஆளாக மனைவி பிரகதாம்பாளோடு மாயவரம் போய், பல் டாக்டர் அஹமது கபீரின் நாற்காலியில் சாய்ந்தார்.

பல்லை அராவி அளவெடுத்தது போன வாரம். இன்றைக்கு உடைந்த பல்லின் மேல் கேப் மாட்ட வேண்டியதுதான். டாக்டர் மாட்டிப் பார்த்தார், கழற்றி ஓரத்தைத் தேய்த்தார், திரும்ப மாட்டினார்.

"கடிங்க அண்ணே. உயரமா இருக்கா?"

"கட்சியிலேயே எனக்கு உயரம் இல்ல டாக்டர், பல்லுல எங்கேருந்து வரும்?"

டாக்டர் சிரித்துக்கொண்டே கண்ணாடித் தட்டில் சிமெண்டைக் குழைத்தார். கேப்புக்குள் தடவிப் பல்லில் அழுத்தினார். உலக்கைக்குப் பூண் போட்ட மாதிரி உட்கார்ந்தது. பஞ்சுருளையை வைத்து இறுக்கிக் கடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

பின்னாலேயே போய் விவரம் கேட்டு வந்தாள் பிரகதாம்பாள்.

"உச்சிப் பொழுது வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதாங்க. பஞ்சை எடுக்கக் கூடாது. தலையக்கூட வேகமா ஆட்டக் கூடாதாம். கழண்டுதுன்னா நாளைக்கு மறுபடி விசில்தானாம்."

பஞ்சநதம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பதினோரு மணிக்குத்தான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் குத்தகைப் பதிவு விசாரணை.

அவருடைய ஒன்றரை வேலி நிலத்தை வைரக்கண்ணு குடும்பம்தான் அப்பன் காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்கிறது. புதுச் சட்டப்படி பேர் பதிவாகிவிட்டால் அவனை லேசில் வெளியேற்ற முடியாது. 'இவன் குத்தகைக்காரன் இல்லை, என் பண்ணையாள்' என்று தாசில்தாரிடம் ஒரே போடாகப் போட்டுவிடுவதாகத் திட்டம். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். 'நாமதான் ராமாயணமே படிக்கிறதில்லையே' என்று தன் பகுத்தறிவுக்குத் தேறுதல் சொல்லி வைத்திருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பள்ளிக்கூடத்து வாசலில் கூட்டம். கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். வைரக்கண்ணு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

தாசில்தார் கேட்டார்.

"வைரக்கண்ணு உங்க குத்தகைதாரர்தானே?"

"ம்ஹூம்" என்றார் பஞ்சநதம். பஞ்சைத் தாண்டி வெளியே வந்தது "ம்" மட்டும்தான்.

"பதிஞ்சுக்கலாமா?"

பதறிப்போய்த் தலையை ஆட்டினார். கேப்புக்குப் பயந்து மெதுவாக, இப்படியும் அப்படியுமாக. நம்மூரில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

பஞ்சைப் பிடுங்கிவிடலாமா என்று கை வாய்க்குப் போயிற்று.

"விசில்" என்றாள் பிரகதாம்பாள், பக்கத்திலிருந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. கை இறங்கிவிட்டது.

எழுதிக் காட்டிவிடலாம் என்று காற்றில் விரலால் கிறுக்கினார்.

"கையெழுத்துப் போட அவரே பேனா கேக்குறாருய்யா" என்றார் தாசில்தார், நெகிழ்ந்துபோய். கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள்.

பேனா கையில் இருந்தது, காகிதம் முன்னால் இருந்தது. 'இல்லை' என்று எழுத எவ்வளவு நேரமாகும்? ஆனால் கைதட்டியவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்கெல்லாம் வீரம் போதித்தவருக்கு ஒரு சொல் எழுதத் தைரியம் வரவில்லை. கையெழுத்துப் போட்டார். வைரக்கண்ணு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

மறுநாள் மாவட்டக் கூட்டத்தில், ஊருக்குச் சொன்னதைத் தன் வயலில் செய்தவர் என்று மாலை போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லப் பஞ்சநதத்துக்கு மனசு வரவில்லை.

"எதிர்த்து ஒரு வார்த்தை பேசினேனா நான்?" என்று முழங்கினார், ஒரு விசில்கூட இல்லாமல். சொன்னதில் பொய் இல்லை என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

அடுத்த வாரம் மனைவியோடு பல்லைக் காட்டப் போனபோது டாக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"என்ன சிமெண்டோ டாக்டர். அரை நாள் வாயைக் கட்டிப் போட்டுட்டீங்க. ஒன்றரை வேலி கையை விட்டுப் போச்சு."

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"அரை நாளா? கால் மணி நேரம் கடிச்சாப் போதும்னு அண்ணிகிட்ட சொன்னேனே."

பஞ்சநதம் திரும்பி மனைவியைப் பார்த்தார். வாய் தானாகப் பிளந்துகொண்டது.

பிரகதாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? ஒவ்வொரு கூட்டத்துலயும் பொம்பளைங்க பக்கம் உக்காந்து நீங்க பேசுனதைக் கேட்டேன். நல்லாப் பேசுனீங்க. நம்பிட்டேன்."