விறகு மனு

இலாரியின் கால்கள் இரண்டும் வெந்நீர் வாளிக்குள் இருந்தபோது நாய் குரைத்தது.

வெத்தூரியா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தாள். வாசலில் கோப்பும் கையுமாக ஊராட்சி அலுவலகத்து லிவியா நின்றிருந்தாள். குளிர்கால விறகுப் பணத்துக்கு மனுப் போட்டவர்களின் வீடுகளை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவள்.

இலாரி வாளியிலிருந்து கால்களை வெளியே எடுத்தார்.

இலாரி மனைவியை இழந்தவர். தெருவின் எதிர்ச்சாரியில் அவருக்கென்று ஒரு வீடு, ஓர் அடுப்பு. வெத்தூரியா கணவனை இழந்தவள். அவளுக்கும் ஒரு வீடு, ஓர் அடுப்பு. தனியாக வசிக்கும் வயதானவர்கள் என்று அரசாங்கம் இருவருக்கும் தனித்தனியே உதவி கொடுத்துவந்தது.

ஆனால் எரிந்தது ஒரே அடுப்புதான். மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு பனி நாளில் தீப்பெட்டி கேட்டு வந்த இலாரி, இன்னும் திரும்பிப் போகவில்லை.

கார்ப்பாத்திய மலைக்காற்றுக்கு இரண்டு பேர் விறகும் சேர்ந்தே மார்ச் வரை இழுத்துப் பறித்துத்தான் வரும். ஒன்று நின்றுபோனால் பிப்ரவரியிலேயே நாற்காலியை உடைக்க வேண்டியதுதான்.

வெத்தூரியா அவரைச் சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்மேல் ஏறி, சின்ன ஜன்னல் வழியாக இலாரி வெளியேறப் பார்த்தார். தலை போனது. தோள் போனது. வயிறு வர மறுத்தது. மூன்று வருடம் வெத்தூரியா போட்ட சாப்பாடு அல்லவா.

அந்தரத்தில் தொங்கியபடி, சமையலறையில் அவள் உரக்கப் பேசுவதைக் கேட்டார்.

"எதிர்வீட்டு ஆளா? அவர் இருக்காரா செத்தாரான்னுகூட எனக்குத் தெரியாதும்மா."

வயிற்றை எக்கினார். பனிக்குவியலில் தலைகுப்புற விழுந்தார்.

கொல்லைப்புறத்தில் அவளுடைய ரப்பர் பூட்ஸ்தான் கிடைத்தது. பாதி பாதம் உள்ளே, குதிகால் வெளியே. அந்தக் கோலத்தில் தெருவைக் கடந்தார். ரொட்டி வண்டிக்குக் காத்திருந்த நாலு பேர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாவி, வெத்தூரியா வீட்டில் மாட்டியிருந்த கோட்டுப் பைக்குள். ஆகவே சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல ஜன்னலேறிக் குதித்தார்.

உள்ளே வெளியைவிடக் குளிர். அடுப்பில் பூனை படுத்திருக்கிற வீடு என்பார்களே, அங்கே மெய்யாகவே படுத்திருந்தது. யார் வீட்டுப் பூனை என்று தெரியவில்லை. இடத்தைக் காலி செய்யச் சொன்னதற்கு அது நியாயம் கேட்பதுபோல அவரை முறைத்துவிட்டுப் போனது.

பழைய செய்தித்தாளைத் திணித்துப் பற்றவைத்தார். புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியிருந்தது போலும். புகை மேலே போகாமல் அவரிடமே வந்தது. படுக்கையைக் கலைத்துப் போட்டார். மேஜைமேல் ஒற்றைத் தட்டை வைத்தார். தனியாக வாழ்கிறவர் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று யோசித்து, அதேபோல் உட்கார்ந்து, இருமினார்.

அரை மணி நேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை.

எட்டிப் பார்த்தபோது லிவியா வெத்தூரியாவின் வாசலில் நின்று மனுக் கோப்பை ஆட்டி அவரை அழைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடமாகத் தட்டாத கதவை இலாரி தட்டினார். வெத்தூரியா திறந்து, முன்பின் பார்த்தறியாதவள்போல, யார் வேண்டும் என்று கேட்டாள். முகமெல்லாம் கரியோடு, அவளுடைய பூட்ஸில் நின்றுகொண்டு, அதிகாரி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று அவர் கம்பீரமாகச் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

லிவியா காலணியைக் கழற்றிவிட்டு அடுப்போரம் உட்கார்ந்து பிளம் ஜாமைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்குப் போக அவளுக்கு வேலையே இல்லையாம். மனுவில் எந்த விலாசம் இருக்கிறதோ அங்கேதான் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு நேரமும் அவருக்காகத்தான் இங்கே காத்திருந்தாளாம்.

இரண்டு தாள்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

ஒன்று வெத்தூரியாவின் மனு. முப்பத்தொன்றாம் எண் வீடு. தனியாக வசிக்கிறார்.

மற்றது இலாரியின் மனு. முப்பத்தொன்றாம் எண் வீடு. தனியாக வசிக்கிறார்.

அவருடைய வீட்டு எண் இருபத்தெட்டு.

கையெழுத்து அவருடையதுதான். அக்டோபரில் வரிசையில் நின்றபோது யாரோ பேனாவை நீட்டினார்கள். வீடு என்று இருந்த இடத்தில் யோசிக்காமல் எழுதிவிட்டிருக்கிறார்.

வெத்தூரியா தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தாள். ஒரு வரியைப் படிக்க ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் படித்தாள்.

லிவியா பேனா மூடியைக் கழற்றினாள். எண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்டால் எதிர்வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவேன், அங்கே புகைகூட வருகிறது என்றாள். ஒரே வீடு என்றால் உதவியும் ஒன்றுதான். இதைச் சொல்லும்போது அவள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தாள்.

இலாரி பேனாவுக்குக் கை நீட்டினார். வெத்தூரியா அந்தக் கையைப் பிடித்து ஓரமாக வைத்தாள்.

"விலாசம் சரியாத்தாம்மா இருக்கு. 'தனியாக'ங்கறத அடிச்சிடு. ரெண்டுலயும்."