இருபத்தோரு புள்ளிக் கோலம்

"சொல்லுடி! அழிச்சது நீதானே?"

அமிர்தவள்ளி போட்ட சத்தத்தில் தையல் பிரிவே வெளியே ஓடி வந்துவிட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் இருக்கும் பெண்கள் ஹாஸ்டலின் வாசலில், சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள் ஃபூல்மணி. ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தமிழ் அரைகுறையாகப் புரியும். பேச வராது.

அந்த வாசலில் இருந்தது சும்மா கோலமா? சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, வீட்டில் போட்டது போட்டபடி இருக்க, உள்ளூர்ப் பெண்கள் ஐந்து பேர் இடுப்பு ஒடியப் போட்டது. இருபத்தோரு புள்ளி, பதினொன்று வரை. பக்கத்திலேயே ஹாஸ்டல் சுவரில் ஜார்கண்ட் பெண்கள் செம்மண்ணிலும் வெள்ளை மண்ணிலும் யானை, மயில் எல்லாம் வரைந்திருந்தார்கள். கலைப் பரிமாற்றமாம். உள்ளூர் ஆட்களும் வெளியூர் ஆட்களும் ஒருவர் கலையை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டுமாம். அதைப் பார்க்க இன்று, திங்கட்கிழமை பத்து மணிக்கு, ஜெர்மனியிலிருந்து ஷூ வாங்கும் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள்.

மணி எட்டேகால். சுவரில் யானை அப்படியே நிற்கிறது. கோலத்தைக் காணோம். ஈரத் தரைதான் இருக்கிறது.

"என் கண்ணால பார்த்தேன் சார்" என்றார் வாட்ச்மேன் கோபி. "ஆறு மணிக்கு பக்கெட்டும் தொடப்பமுமா நின்னுகினு இருந்தா. ஏய்னு ஒரு சத்தம் போட்டேன். அப்டியே போட்டுட்டு உள்ள ஓடிட்டா."

"கேட்டீங்களா சார்?" அமிர்தவள்ளி பர்சனல் ஆபீசர் ஜான்சன் பக்கம் திரும்பினாள். "அவங்க படம் மட்டும் இருக்கணும், எங்களுது இருக்கக் கூடாது. இன்னா வயித்தெரிச்சல் பாருங்க! சனிக்கிழமை இவ கோணலா ஒரு புள்ளி வெச்சா. கையத் தட்டி விட்டேன். அந்தக் கோவத்த இப்டித் தீத்துக்கினா!"

தட்டியது உண்மைதான். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

ஜான்சன் கடிகாரத்தைப் பார்த்தார். எரிச்சல் தலைக்கேறியது. "நசீமாம்மா, நீங்க கேளுங்க. இவதான் அழிச்சாளான்னு."

லைன் சூப்பர்வைசர் நசீமுன்னிசாவுக்கு வீட்டில் உருது. அதனால் கம்பெனியில் இந்திக்காரர் யாரிடம் எது பேச வேண்டுமானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கேட்டார். ஃபூல்மணி தலையை ஆட்டினாள்.

"ஆமாவாம் சார்."

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

"இன்னா தெனாவெட்டு பாரு!"

"பொழைக்க வந்த எடத்துல இந்த வேலையா?"

"இவள வெச்சினு எங்களால வேல செய்ய முடியாது சார்!"

ஜான்சன் கையை உயர்த்தி அடக்கினார். "போதும். பொட்டியக் கட்டச் சொல்லுங்க. இன்னைக்கே காட்பாடிக்குக் கூட்டிட்டுப் போயி, தன்பாத் ரயில்ல ஏத்தி விட்டுடுங்க."

மற்றது புரியாவிட்டாலும் தன்பாத் புரிந்துவிட்டது. ஊரில் இவள் சம்பளத்தை நம்பித்தான் இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள். நசீமுன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுகையும் இந்தியுமாகக் கொட்டினாள் ஃபூல்மணி.

நசீமுன்னிசா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் அவள் பதில் சொன்னாள்.

"இன்னாவாம்? மன்னிப்பு கேக்கறாளா?" என்றாள் அமிர்தவள்ளி.

"இல்ல."

"பின்ன இன்னாதான் சொல்றா? பேஜார் பண்ணாம வாயத் தொறந்து சொல்லேன்கா!"

நசீமுன்னிசா அமிர்தவள்ளியை நேராகப் பார்த்தார்.

"கோலம்னா இன்னான்னு சனிக்கிழமை நீ சொல்லச் சொல்ல, நான்தான் இந்தப் பொண்ணுங்களுக்கு இந்தில சொன்னேன். தெனம் காலைல பழசக் கழுவிட்டுப் புதுசு போடணும், பழசே கெடந்தா அது சாவு வூடுன்னு. நேத்து லீவு, நீங்கல்லாம் அவங்கவங்க வூட்டுக்குப் போய்ட்டீங்க. பழசு அப்டியே கெடந்துச்சாம். இவளுக்கு மனசே கேக்கலியாம். இன்னிக்குக் கழுவிட்டா, புதுசு போடறதுக்குள்ள கோபி கத்திட்டாரு."

நசீமுன்னிசா ஈரத் தரையைக் கைகாட்டினார்.

"'உன்ன யாரு கழுவச் சொன்னா'ன்னு கேட்டேன். 'இங்க குடியிருக்கறது நாங்கதானே, எங்க வாசல நான் கழுவாம வேற யாரு கழுவுவா'ன்னு கேக்கறா, அமிர்தம்."