மரத்தைப் பார்த்த கேஸ்கட்

மரம் அறுக்கும் பழைய மெஷினைப் பிரித்து, உள்ளே கருகிக் கிடந்த கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்தார் மெக்கானிக் அருளப்பன்.

"யாருப்பா நீ? பார்த்ததே இல்லையே!" என்றது அறுக்கும் சங்கிலி.

"இன்ஜினுக்குள்ள இருட்டுல இருந்தேன். காத்து கசியாம நான் பிடிச்சதாலதான் நீ ஓடினே. சாய்ஞ்ச மரத்துல பாதி என்னோடது!"

"பல்லு என்னோடது. மரமும் என்னோடதுதான்!"

சண்டை முற்றுவதற்குள் அருளப்பன் பழைய கேஸ்கட்டை ஜன்னல் வழியே வீசினார். மல்லாந்து விழுந்த அது அண்ணாந்து பார்த்தது. கிளைக்கு மேல் கிளை. எத்தனை கூடு, எத்தனை குருவி! வானமே தெரியவில்லை.

"அம்மாடி! இது என்ன?"

"மரம்" என்றது பக்கத்தில் போன எறும்பு.

"இதையா நாம சாய்ச்சோம்?" என்றது கேஸ்கட்.

உள்ளேயிருந்து சங்கிலி விடவில்லை. "இப்ப சொல்லு, அத்தனை மரத்தையும் சாய்ச்சது யாரு?"

"நீதான்பா" என்றது கேஸ்கட், மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எல்லாமே நீதான்."