இருட்டடிப்பு உத்தரவு

சிம்னி விரலைச் சுட்டது. பீர் முஹம்மது கையை உதறிக்கொண்டார். வலியைவிடச் சந்தேகம் உறுதிப்பட்டதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

கண்ணெதிரே கும்மிருட்டு. மேஜைமேல் இருக்கிற விளக்கின் சிம்னியோ கொதிக்கிறது. அப்படியானால் அவருடைய காலடிச் சத்தம் கேட்டதும் அன்வரி பேகம் திரியை இறக்கி அணைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவள், கட்டினவன் கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறாள்.

"விளக்கு ஏத்தினியா?"

"இருட்டடிப்புல யாருங்க விளக்கு ஏத்துவாங்க?" என்றாள் அன்வரி. குரல் லேசாகப் பிசிறியது. "குந்துங்க, டீ கொண்டாறேன்."

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சர்க்கார் மயிலாப்பூர் முழுக்க விளக்கை அணைக்கச் சொன்னதிலிருந்து பீர் முஹம்மதுவுக்கு நேரம் சரியில்லை. அந்த இருட்டில் மாடிப்படியில் இரண்டு தடவை உருண்டார். இரண்டாம் தடவை இடுப்பு பிசகிப் படுக்கையில் கிடந்தார். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்கமாட்டார் என்று டாக்டர் அன்வரியிடம் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

அன்று முதல் கீழே குடைக்கடையை மகன் வலியுல்லா பார்த்துக்கொள்கிறான். இவர் மாடியோடு சரி. உத்தரவு இன்னும் கடுமையாகிவிட்டது, பொழுது சாய்ந்தபின் தெருவில் தலை தெரிந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று அன்வரிதான் வந்து சொன்னாள்.

பகலிலும் வீட்டுக்குள் புகை மண்டினாற்போலத்தான் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தின் வேலை அது என்று அவர் நினைத்திருந்தார். இன்று காலையில் தடவிப் பார்த்தால் காகிதத்தையே காணோம், கண்ணாடி வழவழவென்று இருந்தது. இவள் எப்போது கிழித்தாள், யாரைக் கேட்டுக் கிழித்தாள்? மகனைக் கேட்டால் மழுப்புகிறான்.

எதிர்வீட்டு வைரவன் கதை அதைவிட மோசம். தெருவில் யாரும் விளக்கு ஏற்றாமல் கண்காணிக்க வேண்டிய வார்டன் அவன். அவனே சாயங்காலத் தொழுகை முடிந்த நேரத்தில் வாசலில் உட்கார்ந்து நாலு பேருக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறான். இதோ, இப்போதும் குரல் கேட்கிறது. இருட்டில் எவன் பேப்பர் படிப்பான்? வார்டனே திருட்டு விளக்கு வைத்திருக்கிறான், அதில் தன் பெண்டாட்டியும் கூட்டு.

பீர் முஹம்மது சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

"எங்கே போறீங்க?"

"ஸ்டேஷனுக்கு. அந்த வைரவன உள்ள தள்ளுனாத்தான் புத்தி வரும்."

"அய்யோ, படி எறங்காதீங்க."

"வெளிச்சத்தப் பாத்து ஜப்பான்காரன் குண்டு போட்டா வைரவன் தலையில மட்டுமா விழும்? ஒன் தலையிலயும்தான் விழும்."

இவள் செத்துப்போவாளே என்ற பயம்தான் அவருக்கு அத்தனை கோபமாக வந்தது. மேஜைப் பக்கம் சிம்னி கிணுக்கென்றது. அன்வரி பின்னாலேயே ஓடிவந்து, சுற்றி முன்னால் போய்ப் படியை மறித்துக்கொண்டு நின்றாள். ஒரு கையால் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"விடு. இருட்டுல எறங்கி எனக்குப் பழக்கம்தான்."

அவர் கால் முதல் படியைத் தேடி அந்தரத்தில் துழாவியது. அதைப் பார்த்ததும் அன்வரிக்கு உயிரே போய்விட்டது. இனி மறைத்துப் பயனில்லை.

"வைரவன் அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க. இருட்டடிப்ப எடுத்துட்டாங்க. போன ரம்ஜானுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க."

பீர் முஹம்மதுவின் கால் பின்வாங்கியது.

"நெஜமாவா?"

"அல்லா மேல ஆணை. நீங்க படி எறங்கி விழுந்துடக் கூடாதுன்னு நான்தான் ஒங்க கிட்ட சொல்லாம வெச்சேன். வலியுல்லாவையும் சொல்லக் கூடாதுன்னுட்டேன்."

சந்தேகம் அத்தனையும் வடிந்துபோய் அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கோபிப்பதுபோல் குரலை உயர்த்தினார்.

"அடிப்பாவி, அதுக்காக இத்தினி நாளா என்னை இருட்டுலயா குந்தவெச்சே? போ, மொதல்ல அந்த விளக்க ஏத்தி எடுத்துக்கினு வா."

அன்வரிக்கு அழுகை முட்டியது.

"ஒங்க மூஞ்சிக்கு நேராதாங்க புடிச்சிக்கினு கீறேன்."