முதல் விதிக்கு ஒரு திருத்தம்

ஊரையே கரைத்துவிடுவதுபோல மழை கொட்டுகிறது. நனைந்த நாய்க்குட்டி ஒன்று வாசற்படியில் நடுங்கியபடி என்னையே பார்க்கிறது. "நாய்க்கு உள்ளே இடமில்லை" என்பது கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் போட்ட முதல் வீட்டுச் சட்டம். மலை நகர்ந்தாலும் அது நகராது. சட்டம் படிக்கும் மகள் துண்டோடு நிற்கிறாள். "நாட்டோட அரசியலமைப்புலயே திருத்த வழி வச்சிருக்காங்கப்பா. எழுதுனவங்களுக்கு நாளைக்கு என்ன வரும்னு தெரியாதுல்ல? நீங்க சட்டம் போட்டப்ப இந்தக் குட்டி பொறக்கவேயில்லையே!" "அதுக்காக நெனச்சப்பல்லாம் மாத்திடுறதா?" என்கிறேன். "இல்லப்பா, எல்லாரும் கை தூக்கணும்." மனைவியின் கை வளையல் குலுங்க உயர்கிறது, மகளுடையதும். நான் மீசையை முறுக்குகிறேன். குட்டி ஒரு தும்மல் போடுகிறது. அவ்வளவுதான், என் கை கூரையை இடிக்குமளவு உயர்கிறது. உள்ளே வந்த குட்டி, சட்டம் இயற்றியவர் என்ற மரியாதைகூட இல்லாமல், மொத்த மழையையும் என்மேல் உதறுகிறது.