அடியில் ஒரு வரி

“ஏட்டி காளீஸ்வரி, வத்தலுக்குக் காசு வாங்குதல்லா? பேரு வேற வேணுமோ உனக்கு?”

கடை முழுக்கக் கேட்க வேண்டும் என்றே முத்துகிருஷ்ணன் சத்தமாகச் சொன்னார். சாமான் வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். காளீஸ்வரிக்கு முகம் செத்துப் போனது.

புதூரிலிருந்து காலை பஸ்ஸில், இரண்டு பை கம்பு வத்தலோடு வந்திருந்தாள். கோவில்பட்டியில் அவர் கடையில் ஆறு வருஷமாக விற்பது அவள் மாவு கிண்டி, பிழிந்து, மொட்டை மாடியில் காயவைத்த வத்தல்தான். பாக்கெட்டின் மேல் இருப்பது என்னவோ அவர் பேர். அதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று கேட்க வைத்தது மேஜை மேல் இருந்த லேப்டாப். கடைக்கு வெப்சைட் போடுகிறாராம். அவர் சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் சென்டர் ஷாஹினா தட்டிக்கொண்டிருந்தாள்.

“எழுதிக்கோ பாப்பா. ‘இவை அனைத்தும் எங்கள் இல்லத்தரசி கல்யாணசுந்தரி அவர்களின் கைப்பக்குவம்.’”

கல்யாணசுந்தரி அம்மாள் நல்ல மனுஷிதான். ஆனால் பொரித்துத் தின்பதற்கு மேல் அவருக்கும் வத்தலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதைக் கேட்டதும் காளீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. “அண்ணாச்சி, எம் பேரையும் ஒரு ஓரமா...” என்று வாயைத் திறந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அவர் அதோடு விடவில்லை.

“இன்னொரு மட்டம் பேரு கீருன்னு வந்தா, நாளையில இருந்து சரக்கே கொண்டு வராத. வத்தல் போட ஊருக்கு நூறு பேரு இருக்காவ.”

வீட்டில் இன்னும் மூன்று மூட்டை கட்டி வைத்திருந்தாள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அத்தனையும் நமுத்துப் போகும். இவரை விட்டால் வேறு கடையும் தெரியாது.

“தெரியாமக் கேட்டுட்டேன், அண்ணாச்சி.”

அப்படிச் சொல்ல நேர்ந்ததுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. இந்தப் பிள்ளையும் ஒரு பொம்பளைதானே, எனக்காக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போவாள் என்று ஷாஹினாவைப் பார்த்தாள்.

ஷாஹினா நிமிரவே இல்லை.

“அக்கா, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. வத்தலைப் போட்டோ எடுக்கணும். உங்க நிழல் விழுது.”

காளீஸ்வரி தள்ளி நின்றாள். ஷாஹினா நாலு படம் எடுத்துவிட்டு மறுபடியும் லேப்டாப்புக்குள் தலையை விட்டாள்.

“அண்ணாச்சி, எந்த சாஃப்ட்வேர்னு முடிவு பண்ணிருவோம். ரெண்டு இருக்கு. ஒண்ணு, வருசத்துக்கு ஆறாயிரம். உங்களைத் தவிர வேற யார் பேரும் வராது.”

“ஆறாயிரமா! நான் என்ன வத்தல் விக்கேனா, வைரம் விக்கேனா?”

“இன்னொண்ணு ஓசி.”

“அதை மொதல்ல சொல்ல வேண்டியதுதான?”

“ஓசியில ஒரு விசயம் உண்டு. பக்கத்துக்கு அடியில செஞ்சவங்க பேரு இருக்கும். சம்மதமா?”

“அடியிலதான? கெடந்துட்டுப் போகுது. அங்கன போயி எவன் பாக்கப் போறான்?”

“பெறவு எடுன்னு சொல்லக் கூடாது.”

“எனக்கு ஒரே பேச்சுதான், பாப்பா. போடு.”

முகம் தெரியாத கம்ப்யூட்டர் கம்பெனிக்காரனுக்குக்கூட அடியில் ஒரு இடம் கிடைக்கிறது. காளீஸ்வரி வயிற்றெரிச்சலோடு காலிப் பைகளை மடித்தாள்.

“எந்த ஊருக்கா நீங்க?” ஷாஹினா சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

“புதூர்.” அதற்கு மேல் அவளிடம் பேசக் காளீஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பையோடு படியேறும்போதே முத்துகிருஷ்ணனின் சத்தம் தெரு வரைக்கும் வந்தது. எதிரே ஷாஹினா நின்றிருந்தாள். காளீஸ்வரியைக் கண்டதும் அவர் சத்தம் இன்னும் ஏறியது.

“வா தாயி, வா! ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் செஞ்சியளோ?”

காளீஸ்வரி படியிலேயே நின்றுவிட்டாள். மூன்று மூட்டையும் போச்சு என்றே நினைத்தாள்.

“நான் என்ன செஞ்சேன், அண்ணாச்சி?”

“இதைப் பாரு!” போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவள் எடுத்து வந்த அதே வத்தல், படமாக மின்னியது. கல்யாணசுந்தரி அம்மாளின் கைப்பக்குவமும் இருந்தது. கம்பெனிக்காரன் பேர் கடைசியில் எறும்பு மாதிரி பொடி எழுத்தில் கிடந்தது. அதற்கு மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி.

‘செய்தவர்: காளீஸ்வரி, புதூர்.’

எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை கண்ணீர் மறைத்தது.

“வியாபாரிகள் குரூப்புல நானே அனுப்பி வச்சிட்டேன்!” முத்துகிருஷ்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “காலையில இருந்து ஒவ்வொருத்தனும் போன் போட்டு, ‘உங்களுக்குப் பெரிய மனசு அண்ணாச்சி’ங்கான். இனிமே இதை எப்படி எடுக்க? ஏ பாப்பா, யாரைக் கேட்டுப் போட்ட?”

ஷாஹினா அன்றைக்குப் போலவே நிமிராமல், லேப்டாப்பைப் பைக்குள் வைத்தபடி சொன்னாள்:

“உங்களைக் கேட்டுத்தான், அண்ணாச்சி. செஞ்சவங்க பேரு அடியில இருக்கும்னேன். நீங்கதான் கெடந்துட்டுப் போகுதுன்னீங்க.”