மாமியார் குளிக்க ஓர் அறை

வாசலில் வாடகை மோட்டார் சைக்கிளின் ஹாரன் அலறுகிறது. "அம்மா வந்துட்டாங்க, ஓடுங்க" என்கிறாள் நிறைமாத நபோசா. புதுக் குளியலறைச் சுவரில் கடைசிக் காலி பாட்டிலைப் பதித்த சிமென்ட் கையோடு அவள் கணவன் லுபோவா அந்தச் சுவருக்குப் பின்னால் ஒளிகிறான். எங்கள் கம்பாலாவில் மாமியாரும் மருமகனும் முகம் பார்ப்பதில்லை. அவன் குளிக்கும் இடத்தில் அவள் குளிப்பதுமில்லை. இந்தப் புது அறை பிடிக்காவிட்டால் அம்மா மாலை பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிடுவாள். பிரசவத்துக்குத் துணையாக வேறு யாருமில்லை.

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குள் வருகிறாள். டைல்ஸ் கடைக் குப்பையில் பொறுக்கிய நீலச் சில்லுகளும் மஞ்சள் சில்லுகளும் தரையெங்கும் மீன் செதில்போல நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு சில்லுகூடக் காலைக் குத்தவில்லை. லுபோவா தன் பழைய டாக்சியிலிருந்து கழற்றிய பக்கக் கண்ணாடி ஆணியில் தொங்குகிறது. அதில் பார்த்து அம்மா தலைத்துணியைச் சரிசெய்கிறாள். சுவரில் வரிசையாகப் பதித்த பீர் பாட்டில்களின் அடிப்பக்கம் வழியே வெயில் பச்சையும் தேன்நிறமுமாக இறங்கி வாளித் தண்ணீரில் ஆடுகிறது.

"இத்தனையும் உன் வீட்டுக்காரர் குடிச்சதா?"

"ஐயோ அம்மா, கடைக்காரர்கிட்ட கெஞ்சி வாங்கினதும்மா."

அம்மா அந்த வரிசையையே பார்க்கிறாள். எல்லாம் ஒளிர, நடுவில் இரண்டு பாட்டில்கள் மட்டும் இருண்டிருக்கின்றன. அவள் உதட்டோரம் அசைகிறது.

"மகளே, அந்த ரெண்டு பாட்டிலையும் மறைச்சுக்கிட்டு நிக்கிறவரைத் தள்ளிப் போகச் சொல்லு. நான் குளிக்கணும்."